ஏமன்: ஓர் அரபுச் சமூகத்தின் வாழ்வும் போரும் அமைதி முயற்சிகளும்

ஏமன் (யேமன்) என்பது அரபுத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள நாடு. தலைநகர் சனா. மேற்கே செங்கடல், தெற்கே ஏடன் வளைகுடா. இவை இரண்டும் சேருமிடத்தில் உள்ள பாப் அல்-மந்தப் நீரிணை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே கொண்டது. இப்பெயருக்குக் 'கண்ணீர் வாயில்' என்று பொருள் கூறுவர். ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா செல்லும் கப்பல்கள் இந்த இடுக்கைக் கடந்தே ஆக வேண்டும்.

2023 நவம்பருக்குப் பிறகு திருப்பூரில் செங்கடல் என்ற சொல் டீக்கடை வரை அடிபட்டது. ஆனால் பேச்செல்லாம் கன்டெய்னர் வாடகை, ஷிப்மென்ட் தாமதம் பற்றியே இருந்தது. அக்கரையில் வாழும் மக்கள் யார், ஏன் அங்கே சண்டை என்று கேட்டவர்கள் குறைவு. அதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பூருக்கும் செங்கடலுக்கும் உள்ள தொடர்பு

இத்தொடர்பு புதியதன்று. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு மணிக்கற்களுக்கும் இரும்புத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கு செய்த பொருள்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சென்றன. அக்காலத் தமிழ் வணிகர்களின் கைத்தடம் செங்கடல் கரையிலும் கிடைத்துள்ளது. எகிப்தின் பெரனிகே, குசேர் அல்-காதிம் ஆகிய பழந்துறைமுகங்களில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

இன்று அதே கடல்வழியில் பின்னலாடை போகிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு ஐரோப்பா பெரிய சந்தை. 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹவுதி இயக்கத்தினர் 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பலைக் கைப்பற்றினர். காசா போரை எதிர்த்து இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களைத் தாக்குவதாக அவர்கள் அறிவித்தனர். தொடர்பே இல்லாத கப்பல்களும் தாக்கப்பட்டன. 2024 ஜனவரியில் தீப்பற்றிய 'மார்லின் லுவாண்டா' கப்பலில் இருந்த மாலுமிகளில் 22 பேர் இந்தியர்கள். தீயணைக்க உதவியது இந்தியக் கடற்படை.

பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. திருப்பூரில் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. முறையில்தான் வணிகம் நடக்கிறது. அதாவது கப்பல் கட்டணம் வாங்குபவர் பொறுப்பு. அப்படியானால் நமக்கென்ன நட்டம் என்று மாணவர்கள் கேட்கலாம். கட்டணம் ஏறினால் அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்வார் பையர். சரக்கு பிந்தினால் பணமும் பிந்தும். பணம் பிந்தினால் நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் பாக்கி விழும். சனிக்கிழமைச் சம்பளம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

நாடும் மக்களும்

அரபு நாடு என்றதும் ஒட்டகம், பாலைவனம், எண்ணெய்க் கிணறு என்றுதான் நம் மனதில் படம் வரும். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அரபு லீக்கில் 22 நாடுகள் உள்ளன. செல்வம் கொழிக்கும் கத்தாரும் வறுமையில் வாடும் ஏமனும் அதில் அடக்கம்.

ஏமனின் மேற்குப் பகுதி மலைநாடு. சனா நகரம் ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில் உள்ளது. மலைச் சரிவுகளில் படிக்கட்டு வயல்கள் அமைத்து உழவு செய்கிறார்கள். உலகுக்குக் காப்பியை வணிகப் பொருளாக அறிமுகப்படுத்தியவர்கள் இவர்களே. 'மொக்கா' என்பது ஏமனின் துறைமுகப் பெயர். பழைய சனாவில் சுட்ட செங்கல்லால் கட்டி, வெண்சுதையால் கோலம்போல் அழகு செய்த மாடி வீடுகளைக் காணலாம். பிற்பகலில் ஆண்கள் கூடி அமர்ந்து 'காத்' என்னும் இலையை மென்றபடி ஊர்க்கதை முதல் அரசியல் வரை பேசுவார்கள். இச்செடிக்குப் பாய்ச்சியே சனாவின் நிலத்தடி நீர் வற்றி வருகிறது. நொய்யல்காரர்களுக்கு இது புரியாத கதையன்று.

வடக்கு மலைப்பகுதியில் ஷியா பிரிவின் ஜைதிகளும், தெற்கிலும் கடற்கரையிலும் சன்னி பிரிவின் ஷாஃபிகளும் வாழ்கின்றனர். இரு சாராரும் ஒரே பள்ளிவாசலில் தொழுவது அங்கு நெடுங்கால வழக்கம். எனவே இப்போரை மதப்பிரிவுச் சண்டை என்று மட்டும் சொல்வது பிழையாகும்.

போரின் பின்னணி

வடக்கை 1962 வரை ஜைதி இமாம்கள் ஆண்டனர். தெற்கே ஏடன் 1839 முதல் 1967 வரை பிரிட்டிஷார் வசம் இருந்தது. இரு நாடுகளும் 1990 மே 22 அன்று இணைந்தன. நான்கே ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்கின் மனக்குறை இன்றும் தீரவில்லை. புறக்கணிக்கப்பட்டதாகக் கருதிய வடக்கு சாதா பகுதியில் ஹவுதி இயக்கம் வளர்ந்தது.

2011 அரபு எழுச்சியில் இளைஞர்களும் பெண்களும் தெருவுக்கு வந்தனர். அப்போராட்டத்தின் முகமான தவக்குல் கர்மான் அவ்வாண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர். 1978 முதல் ஆட்சியிலிருந்த அலி அப்துல்லா சாலே பதவி விலகினார். பின்னர் அவரே தம் பழைய எதிரிகளான ஹவுதிகளுடன் கைகோத்தார்; 2017 டிசம்பரில் அவர்கள் கையாலேயே மடிந்தார். ஹவுதிகள் 2014 செப்டம்பரில் சனாவைப் பிடித்தனர். 2015 மார்ச்சில் சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி வான்தாக்குதல் தொடங்கியது. ஹவுதிகளுக்கு ஈரான் உதவியது. அப்போது 'ஆபரேஷன் ராஹத்' மூலம் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு மீட்டது.

மக்கள் பட்ட பாடு

2021 இறுதிக்குள் 3,77,000 பேர் இறந்திருப்பர் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. இவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் குண்டுபட்டு இறக்கவில்லை. பசியும் நோயும் மருத்துவமின்மையும் கொன்றன. உணவின் பெரும்பகுதி ஹுதைதா துறைமுகம் வழியே இறக்குமதியாவதால், துறைமுகம் முடங்கினால் அடுப்பு அணையும்.

ஆசிரியர் தொழிலில் இருந்த என்னை அதிகம் பாதித்தது வேறு ஒன்று. 2016-இல் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்டது. வங்கி இரண்டுபட, ஊதியம் நின்றது. 1,70,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒழுங்கான சம்பளம் பெறவில்லை என்று யுனிசெஃப் 2021-இல் தெரிவித்தது. பலர் பிழைப்புக்கு வேறு வேலை தேடிப் போனார்கள். பலர் சம்பளமில்லாமலே பாடம் நடத்தினார்கள். அப்போது பள்ளி செல்லாத குழந்தைகள் ஏறத்தாழ 20 லட்சம்.

அமைதி முயற்சிகள்

2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் உடன்பாடு ஹுதைதா மீதான பெரும்போரைத் தடுத்தது. 2022 ஏப்ரல் 2 அன்று தொடங்கிய போர்நிறுத்தம் முறைப்படி அக்டோபரில் காலாவதியானாலும், பெரிய சண்டை திரும்பவில்லை. 2023 ஏப்ரலில் ஏறத்தாழ 900 கைதிகள் வீடு திரும்பினர். செங்கடல் தாக்குதல்கள் இந்த முன்னேற்றத்தைத் தடுத்துவிட்டன. 2025 மே மாதம் ஓமான் நடுவில் நின்று அமெரிக்காவுக்கும் ஹவுதிகளுக்கும் இடையே தாக்குதலை நிறுத்தியது. ஆயினும் ஜூலையில் மேலும் இரு சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

தலைவர்களின் பேச்சுவார்த்தையைவிட ஊரார் முயற்சிகளையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஏமன் குலங்களிடையே பஞ்சாயத்துப் பேசும் மரபு வலுவானது. வழக்கில் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியையோ ஜம்பியா என்னும் வளைந்த குத்துவாளையோ நடுவரிடம் பிணையாக வைத்துத் தீர்ப்புக்குக் கட்டுப்படுவார்கள். காணாமல் போனவர்களின் அன்னையர் சேர்ந்து 2016-இல் ஒரு சங்கம் அமைத்தனர். சிறைவாசல்களில் நின்றும் நடுவர்களை நாடியும் பலரை அவர்கள் மீட்டுள்ளனர்.

தாயிஸ் நகரத்தையும் அதன் கிழக்குப் புறமான ஹவ்பானையும் இணைக்கும் சாலை 2015 முதல் அடைபட்டிருந்தது. கால் மணி நேர வழி, மலையைச் சுற்றி ஐந்தாறு மணி நேரமானது. நோயாளிகளும் மாணவர்களும் கூலிக்குப் போவோரும் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் சென்றனர். உள்ளூர்ப் பெரியவர்கள் இரு தரப்பிடமும் திரும்பத் திரும்பப் பேசியதன் பயனாக 2024 ஜூனில் அச்சாலை திறக்கப்பட்டது.