ஈறில் கசிந்த ரத்தமும் என் சர்க்கரை அளவும்

பல் துலக்கித் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வந்தது. அப்போது எனக்கு ஐந்து மாதம். “மாசமா இருந்தா அப்படித்தான், பிள்ளை பிறந்ததும் சரியாயிடும்,” என்றார் அம்மா. “இந்த நேரத்துல பல் டாக்டர்கிட்ட எல்லாம் போகாதம்மா,” என்றார் அத்தை. காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கே எழுந்து ஓடும் எனக்கு, அதை அப்படியே விட்டுவிடுவது எளிதாகவும் இருந்தது.

26வது வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த பானத்தைக் குடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் மீண்டும் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு 5.1 மில்லிமோலை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. எனக்கு 5.4.

வீட்டில் விசாரணை தொடங்கியது. தீபாவளிக்குச் சாப்பிட்ட லட்டா? தினமும் குடிக்கும் தே தாரிக்கா? யாரும் திட்டவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டார்கள். இரவில் படுத்தபடி நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, தாதி நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: “பல் மருத்துவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” சர்க்கரைக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

இனிப்பு மட்டும் காரணமா?

சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு வருகிறது. ஐவரில் ஒருவர் என்றால் அது லட்டின் கணக்கு மட்டுமாக இருக்க முடியாது.

கருவுற்ற பிறகு நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்யும் வேகத்தைக் குறைக்கின்றன. குழந்தைக்குப் போதிய குளுக்கோஸ் போய்ச் சேர இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. அதை ஈடுகட்ட, கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டும். அது முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வயது, உடல் எடை, பெற்றோருக்கு நீரிழிவு இருப்பது, நம் ஆசிய உடல்வாகு எல்லாமே இதில் சேர்கின்றன. அந்தப் பட்டியலில் இப்போது குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

குடலுக்குள் நடப்பது

2012ல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு 91 கர்ப்பிணிகளின் குடல் பாக்டீரியாவைப் பார்த்தது. முதல் மூன்று மாதங்களில் இருந்த பாக்டீரியாக் கூட்டம், கடைசி மூன்று மாதங்களில் பெரிதும் மாறியிருந்தது. இரண்டு கட்டங்களிலும் எடுத்த மல மாதிரிகளை, உடலில் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினார்கள். கடைசிக் கட்ட மாதிரியைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை.

2023ல் ‘கட்’ ஆய்விதழில் வெளியான இஸ்ரேலிய ஆய்வு இன்னும் முன்னே போனது. 394 பெண்களின் மாதிரிகளை முதல் மூன்று மாதங்களிலேயே சேகரித்தார்கள். பின்னர் கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களின் குடல் பாக்டீரியா, அது கண்டறியப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேறுபட்டிருந்தது. அவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் கூறுகளும் கூடுதலாக இருந்தன.

நாம் உண்ணும் நார்ச்சத்தை நல்ல பாக்டீரியா நொதிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. அவை குடல் சுவரைக் காக்கின்றன, அழற்சியை அடக்குகின்றன. அவை குறைந்தால் அழற்சி கூடும். அழற்சி கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

வாயும் அதே பாதையில்தான்

கர்ப்பகால ஹார்மோன்களால் ஈறுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லில் படியும் கறையிலுள்ள பாக்டீரியாவுக்கு ஈறு வழக்கத்தைவிட வேகமாக எதிர்வினை காட்டி வீங்குகிறது, கசிகிறது. சர்க்கரையும் ஏறினால் ஈறுநோய் மோசமாகிறது. ஈறில் உள்ள அழற்சியோ ரத்தத்தில் கலந்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கக்கூடும்.

ஈறுநோய் உள்ள கர்ப்பிணிகளிடையே கர்ப்பகால நீரிழிவு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று உறுதியாகவில்லை. நீரிழிவுள்ள கர்ப்பிணிகளின் எச்சிலில் எந்தப் பாக்டீரியா கூடுகிறது, எது குறைகிறது என்பதிலும் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதற்காக, கசியும் ஈறைப் பிள்ளை பிறக்கும்வரை விட்டுவைக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் பல் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானது. நிமிர்ந்து படுக்க வசதியான நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் அதற்கு ஏற்ற நேரம்.

மாத்திரை வாங்கலாமா?

இதைப் பற்றி வானொலியில் பேசிய அன்று எனக்கு வந்த குறுஞ்செய்திகளில் பாதி ஒரே கேள்வி: “எந்த ப்ரோபயோடிக் மாத்திரை வாங்கலாம்?”

அவசரப்பட வேண்டாம். 2010ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை. ஆனால் 2019ல், உடல் எடை கூடிய 411 கர்ப்பிணிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில், அந்த மாத்திரை கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2021ல் ஓர் எச்சரிக்கையையும் விடுத்தது: ப்ரோபயோடிக் எடுத்தவர்களிடம் பிரிகிளாம்சியா எனும் ஆபத்தான ரத்த அழுத்தக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. மருத்துவரைக் கேட்காமல் கர்ப்ப காலத்தில் வாங்கிச் சாப்பிடும் பொருளல்ல அது.

நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி நம் சமையலறையிலேயே இருக்கிறது. சோற்றைக் குறைத்து, கீரை, அவரை, பயறு, பருப்பைக் கூட்டலாம். தே தாரிக்குப் பதில் ‘தே ஓ கோசோங்’ சொல்லலாம். சாப்பிட்டபின் புளோக்கைச் சுற்றிச் சிறிது நடக்கலாம். இவற்றைச் செய்தும் சர்க்கரை இறங்காவிட்டால் மருத்துவர் தரும் மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ மறுக்க வேண்டாம். மருந்து தேவைப்படுவது தோல்வி இல்லை.

வாய்க்கு: தினமும் இருமுறை மென்மையான பிரஷ்ஷால் துலக்கி, பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யுங்கள். ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். வாந்தி எடுத்த உடனே பல் துலக்காமல், முதலில் தண்ணீரால் கொப்பளியுங்கள். அமிலத்தால் இளகிய பல்லை உடனே தேய்த்தால் அது தேயும்.

நானும் போனேன். இரண்டு முறை சுத்தம் செய்தபின், சில வாரங்களில் ரத்தம் நின்றது. அதனால்தான் சர்க்கரை இறங்கியது என்று சொல்ல மாட்டேன். அதே வாரங்களில் என் சாப்பாடும் நடையும் மாறியிருந்தன. ஆனால் வலியில்லாமல் ஒழுங்காக மென்று சாப்பிட முடிந்தது. கீரையும் பயறும் தட்டில் இருந்தால் போதுமா, மெல்லவும் வேண்டுமே!

பிள்ளை பிறந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் பல மடங்கு கூடுதல். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும், பிறகும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். பத்தியம், தூக்கமின்மை, பால் கொடுக்கும் பரபரப்பு என்று பலர் தவறவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான்.

எட்டு வாரக் குழந்தையை அத்தையின் மடியில் விட்டுவிட்டு நான் போய் வந்தேன். முடிவு இயல்பாக இருந்தது. இப்போதெல்லாம் “பல் டாக்டர்கிட்ட எப்ப போற?” என்று முதலில் கேட்பது அத்தைதான்.