முட்டை அப்பத்துக்குள் ஒரு முடிச்சு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாலை வேளையில் முட்டை அப்பம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்பச்சட்டியில் ஊற்றும்போது தெளிந்திருந்த வெள்ளைக்கரு, மூடியைத் திறக்கையில் வெளுத்து இறுகியிருக்கும்.

வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 10 சதவீதம் புரதம். மிகுதி பெரும்பாலும் நீர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி; ஒவ்வொன்றும் நூற்பந்துபோல் மடிந்து கிடக்கிறது. மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் மெல்லிய பிணைப்புகளே. சுமார் 60 பாகை செல்சியஸிலேயே சில புரதங்கள் அவிழத் தொடங்கும். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி வலையாகின்றன. நீரும் உள்ளே அகப்பட்டுவிடும். ஆறவிட்டாலும் பழைய முட்டை வராது!

எல்லாப் புரதமும் இப்படி அடம்பிடிப்பதில்லை. ரைபோநியூக்கிளியேஸ் என்ற நொதியை யூரியா முதலியவற்றால் அவிழ்த்துப் பார்த்தார் அமெரிக்கரான கிறிஸ்டியன் அன்ஃபின்சன். அவற்றை அகற்றியதும் அது தானாகவே மடிந்து மறுபடி வேலை செய்தது. 1972இல் அவருக்கு நோபல் பரிசு.

சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று கணக்கிட்டதோ, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனின் குழு. 1963இல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்' கொண்டுதான் புரத வடிவங்களை ஆய்வாளர்கள் இன்றும் சரிபார்க்கிறார்கள்.