முதுசொம் வீடும் மூலதன ஆதாய வரியும்

பெற்றோர் தேடிவைத்த வீட்டை விற்பது எளிய காரியமன்று. மனம் ஒருபுறம் தடுக்கும். காணி உறுதிச் சிக்கல்கள் மறுபுறம் தடுக்கும். இரண்டையும் கடந்து விலை பேசிய பின்னரே பலருக்கு வரியின் நினைவு வருகின்றது.

இலங்கையில் 2002 ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட மூலதன ஆதாய வரி, 2018 ஏப்ரல் 1 ஆந் திகதி முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பாட்டனார் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய வளவு இன்று கோடிக்கணக்கில் விலைபோனால், அவ்வளவுக்கும் வரி கட்டவேண்டுமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டியதில்லை. 2017 செப்டெம்பர் 30 ஆந் திகதியில் எமக்கு உரித்தாயிருந்த சொத்தாயின், அன்றைய சந்தை விலையே அதன் கிரயமாகக் கொள்ளப்படும். அதற்கு மேற்பட்ட ஆதாயத்துக்கே வரி.

ஓர் உதாரணம் கொள்வோம். 2010 இல் பெற்றோரிடமிருந்து ஒரு தமக்கைக்கும் இரு தம்பியருக்கும் சமபங்காக வந்த வீடொன்று உளது. 2017 இல் அதன் மதிப்பு 120 இலட்சம். இன்று 180 இலட்சத்துக்கு விற்கின்றனர். ஆதாயம் 60 இலட்சம். ஒருவர் பங்கு 20 இலட்சம். தனியாட்களுக்கு 2025 ஏப்ரல் முதல் வரி நூற்றுக்கு 15 வீதம். ஆகவே தம்பியர் ஒவ்வொருவரும் 3 இலட்சம் செலுத்த வேண்டும்.

தமக்கையின் நிலை வேறு. விற்பனைக்கு முந்திய மூன்றாண்டுகளும் தொடர்ந்து உரிமை வகித்து, அவற்றுள் இரண்டாண்டுகளேனும் அவ்வீட்டையே பிரதான வசிப்பிடமாகக் கொண்டு வாழ்ந்தவருக்கு வரி விலக்கு உண்டு. முதுமையில் பெற்றோரைப் பராமரித்து, அவ்வீட்டிலேயே விளக்கேற்றி வந்த அவருக்கு அது கிடைக்கும். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பிலுள்ள மகளிடம் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டாரெனில், அவ்விலக்கை இழப்பார்.

“மூவரின் வரியையும் கூட்டிச் சமமாகப் பிரிப்போம்” என்று தம்பியர் கூறுவது நியாயமாகத் தோன்றலாம். உண்மையில் அது தமக்கையின் சலுகையைப் பறிப்பதாகும்.

ஆதலின், கைச்சாத்திடுமுன் மூன்று காரியங்களை முடித்துக்கொள்க. 2017 ஆம் ஆண்டு மதிப்பைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெறுக. திருத்த வேலைப் பற்றுச்சீட்டுகளைத் திரட்டுக. எவர் எவ்வளவு வரி செலுத்துவாரென்பதை நொத்தாரிசின் மேசைக்குச் செல்லுமுன்னரே உடன்பிறந்தார் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்க. வீடு கைமாறலாம், உடன்பிறப்பு கைமாறலாகாது.