டயரில் ஓர் எழுத்து
காருக்கு டயர் மாற்றக் கடைக்குப் போயிருந்தோம். "எல்லாம் ஒரே அளவுதாம்மா, இது விலை குறைச்சல்" என்றார் கடைக்காரர். இடுப்பில் குழந்தை, எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய டயரின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தேன்: 185/65 ஆர்15 88 எச்.

88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 'எச்' வேக எழுத்து: மணிக்கு 210 கிலோ மீட்டர். அவர் நீட்டியதோ 'எஸ்', 180தான்.

"நாம 80-ஐயே தாண்டறதில்லையே!" என்றார் என் கணவர். வேகத்துக்கு மட்டுமா அது? சூடு தாங்கும் சக்தியும் அதில்தான் அடக்கம். சித்திரை வெயில், வண்டி நிறைய சாமான், காற்றும் குறைச்சல் என்றால் டயர் கொதிக்காதா? கார் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம்.

இன்னொன்று பாருங்கள். அந்த மலிவு டயரில் 1218 என்று இருந்தது. அதாவது 2018-ம் வருஷம் 12-வது வாரம் செய்தது! அதைப் 'புதுசு' என்று நம் தலையில் கட்டப் பார்த்தார்.

'எச்' டயரே வாங்கினோம். கூடுதல் பணத்தைத் தீபாவளிப் புடவையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.