கீழாநெல்லியும் சைட்டேஷன் கணக்கும்

மஞ்சள் காமாலை என்றால் வரப்போரத்துக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பது பெரம்பலூர், அரியலூர் கிராமங்களுக்குப் புதிதல்ல. அந்தச் செடி 1988 அக்டோபரில் லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இடம்பிடித்தது. கட்டுரையின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜன். கடைசிப் பெயர் காமாலைக்குக் காரணமாகும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் பற்றிய ஆராய்ச்சிக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க். ரத்தத்தில் அந்த வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி தரப்பட்டது. சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

உலகமே திரும்பிப் பார்த்தது. கட்டுரைக்கு ‘சைட்டேஷன்’ குவிந்தது. அதாவது, மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் இதை எடுத்துக்காட்டினார்கள். இந்தச் சொல் இப்போது நம் ஊர்களிலும் அடிபடுகிறது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் ஆய்வுக் கட்டுரை வேண்டும். மருந்தியல் துறையும் இதற்கு விலக்கல்ல. எனவே ‘இத்தனை கட்டுரை, இத்தனை சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு’ என்று ஒருவரைப் பாராட்டும் செய்தி கண்ணில் பட்டால் என்ன புரிந்துகொள்வது?

ஹெச்-இண்டெக்ஸ் 2005இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் சொன்ன கணக்கு. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 6, 3, 1 முறை எடுத்துக்காட்டப்பட்டதாக வைத்துக்கொள்வோம். தலா மூன்று முறையாவது எடுத்துக்காட்டப்பட்டவை மூன்றுக்குக் குறையவில்லை. தலா நான்கு முறை என்றால் நான்கு கட்டுரை தேறாது. ஆகவே அவருடைய எண் 3. வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி அதை ஆயிரம் பேர் எடுத்துக்காட்டினாலும் எண் 1தான்! ‘இம்பேக்ட் ஃபேக்டர்’ என்பது இதழுக்கான மதிப்பு, எழுதியவருக்கானது அல்ல; இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. தவிர, சைட்டேஷனை எண்ணும் தளங்களில் கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம் எல்லாவற்றிலும் வலை வீசும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் எண்ணும். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வருவது பித்தலாட்டம் அல்ல.

எண்ணுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: எடுத்துக்காட்டியவர் புகழ்ந்தாரா, மறுத்தாரா? கீழாநெல்லிக் கட்டுரைக்குக் கிடைத்தது மறுப்பு. 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே ‘லான்செட்’டில், தங்கள் நாட்டுச் செடி அந்த வைரஸை விரட்டவில்லை என்று எழுதினார்கள். வேறு சில நாடுகளிலும் சென்னையின் முடிவு கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நாள்பட்ட ஹெபடைட்டிஸ்-பிக்கு இது பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. மறுத்த கட்டுரைகளும் சென்னைக் கட்டுரையின் சைட்டேஷனைக் கூட்டின. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டி வைத்தியத்தைச் சோதனைக்கு உட்படுத்தி, பிறர் சரிபார்க்கும்படி எழுதிவைத்ததே பெரிய வேலை.

இதற்கு நேர்மாறான கதை கல்கத்தாவில் நடந்தது. காலரா கிருமி சுரக்கும் நஞ்சே வயிற்றுப்போக்குக்குக் காரணம் என்று சம்புநாத் டே 1959இல் ‘நேச்சர்’ இதழில் நிரூபித்தார். பல ஆண்டுகள் அது உரிய கவனம் பெறவில்லை. சைட்டேஷன் கணக்கையே உலகுக்குத் தந்த யூஜின் கார்ஃபீல்டு, டே இறந்த மறு ஆண்டு, 1986இல், அவரைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த ஆண்டுகளின் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் டேயைத் தவறவிட்டிருப்போம்.

நம் மாவட்ட மருந்தியல் ஆசிரியர்களிடம் எதிர்பார்க்க வேண்டியதும் எண்ணை அல்ல, இந்த ஊருக்கு உதவும் ஆராய்ச்சியை. அரசு மருத்துவமனைச் சீட்டில் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறதா, சர்க்கரை மாத்திரையை நோயாளிகள் பாதியில் ஏன் நிறுத்துகிறார்கள், பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு எந்தச் சிகிச்சை கைகொடுக்கிறது என்பதெல்லாம் இந்த ஊரிலேயே ஆராய வேண்டியவை. பாஸ்டனிலிருந்து யாரும் இவற்றை எடுத்துக்காட்டப் போவதில்லை. சைட்டேஷன் ஒற்றை இலக்கத்தில் நிற்கலாம். அரியலூர் நோயாளிக்குப் பயன்படுவது என்னவோ இப்படிப்பட்ட ஆராய்ச்சிதான்.

மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வாசகரும் உதவலாம். மாத்திரை சாப்பிட்டு உடம்பில் தடிப்பு, மயக்கம், வாந்தி வந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள். மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம்.