பாடிங்டனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை

விடுமுறைக்கு லண்டன் போகத் திட்டமிடும் பெற்றோர் பலர் பிள்ளைக்கு முதலில் கதைப் புத்தகம் வாங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான். மைக்கேல் பாண்ட் 1958இல் எழுதிய பாடிங்டன் கரடியின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையம் முன்பே பழகிய இடம்போல இருக்கும். மிரோஸ்லாவ் சாசெக் 1959இல் வரைந்த லண்டன் புத்தகத்தைப் புரட்டிய பிள்ளை, போய் இறங்கியதுமே சிவப்புப் பேருந்தைத் தேடும். (பழைய புத்தகம் என்பதால், மறுபதிப்பின் கடைசியில் எவையெல்லாம் மாறிவிட்டன என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். அதையும் படியுங்கள்.) இதற்கு யூடியூப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. காணொளி அதன் வேகத்தில் ஓடிவிடும். புத்தகம் என்றால் பிள்ளை ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “கரடியோட அம்மா எங்கே?” என்று கேட்கும். கூட்டத்தில் கை விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்டவரிடம் அம்மா அப்பாவின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஆனால் அந்தக் கரடி பெரு நாட்டிலிருந்து திருட்டுத்தனமாகக் கப்பலேறி வந்தது. கையில் ஒரு காகிதமும் கிடையாது, கழுத்தில் ஒரு சீட்டு மட்டும்தான். 2024இல் வந்த படத்துக்காகத்தான் பிரிட்டன் உள்துறை அதற்கு ஒரு மாதிரி பாஸ்போர்ட்டே கொடுத்தது. உங்கள் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் பிள்ளையின் பயம் அல்ல, காகிதம். அதனால் முதல் புத்தகத்தைப் பிரிக்கும் அன்றே பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் பிரித்துத் தேதியைப் பாருங்கள். பெரியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 10 ஆண்டு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கோ 5 ஆண்டுதான். “எல்லாருக்கும் சேர்த்துத்தானே எடுத்தோம்” என்று நம்பியிருப்பவர்கள் டிக்கெட் போடும்போதுதான் விழிக்கிறார்கள்.

புதிதாக எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிறப்பு எந்த ஊரில் பதிவானதோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் இது நடக்கும். பிரசவம் தாய்வீட்டு ஊரில் நடந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாக இந்த ஒரு ஆவணத்தை மட்டுமே பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கிறது. அதனால் சான்றிதழில் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லையா என்று இன்றே பாருங்கள். இனிஷியல் விஷயத்திலும் நம் அலட்சியம் பெரிது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்த பிறகும் இது தொடர்கிறது. துபாயில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து நேரம் வாங்கியபின், தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஸர் டி வேண்டும். ஒருவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் அனெக்ஸர் சி. இரண்டுமே வெள்ளைத்தாளில் எழுதித்தரும் உறுதிமொழிகள். 2016 டிசம்பரில் விதி மாறியதிலிருந்து இவற்றுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். அலுவலக வாசலில் ஒருவர் கோப்பைப் பிடுங்கி நோட்டரிக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இதை உள்ளே ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைக்க அதிகாரிகளுக்கு என்ன தடை என்று தெரியவில்லை. தந்தை வளைகுடாவில் வேலையில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழிப் பத்திரத்தை அவர் அனுப்ப வேண்டும். அதற்கு நாளாகும், முதலிலேயே தொடங்குங்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். முத்திரை குத்தும் கதையைப் படித்த பிள்ளை கிரேயானோடு வரும். அதற்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் தைத்துக் கொடுங்கள். கிறுக்கிய பாஸ்போர்ட்டைச் சேதமானது என்று குடியேற்ற அதிகாரி ஒதுக்கினால் வாதாட இடமில்லை.

இதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்பது அடுத்த சமாதானம். அவர் படிவத்தை நிரப்புவார், அவ்வளவுதான். பிரிட்டன் விசாவுக்கு 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை வேண்டாம் என்றாலும் பிள்ளை விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் வர வேண்டும், பெரியவர் ஒருவரும் உடன் இருக்க வேண்டும். பிள்ளையுடன் பயணம் செய்பவர் யார் என்று விசாவில் குறிக்கப்பட்டிருந்தால், அவரோடுதான் பிள்ளை போக முடியும். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, மாமா கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கடைசி வாரத்தில் முடிவை மாற்றுபவர்கள், மாமாவுக்கு விமான டிக்கெட் போடும் முன் விசாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை மாமாவின் கைப்பையிலேயே வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் குடியேற்ற வரிசையில் அது உதவாது.