கேட்டலும் நம்புதலும்

துன்பம் வந்தால் தெய்வ நினைவு தானே வரும் என்பர் பெரியோர். என் வரையில் அது தலைகீழாக நடந்தது. முதுகலை முதலாண்டில் நான் இருந்தபோது என் தந்தையார் நோயுற்றார். நாகர்கோவிலிலிருந்து இந்நகருக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். நாற்பது நாள் படுக்கையில் கிடந்தார். நாள்தோறும் மாலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நான் அவரைக் காணச் செல்வேன். நாற்பத்தோராம் நாள் அவர் போய்விட்டார். அதன்பின், கிழக்குக் கோட்டையில் பேருந்துக்கு நிற்க நேர்ந்தாலும் அக்கோவில் வாயிலை நோக்காமல் நிற்பது எனக்குப் பழக்கமாயிற்று. கேட்டேன்; கிடைக்கவில்லை; இனி என்ன பேச்சு? இதுதான் என் கணக்கு.

என் அன்னையாரோ முன்போலவே விளக்கேற்றி அதன்முன் அமர்ந்திருந்தார். "இன்னும் என்ன அம்மா கேட்கிறாய்?" என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "ஒன்றும் கேட்கவில்லை மக்களே, சும்மா இருக்கேன்" என்றார். எனக்கு அப்போது சினந்தான் வந்தது. அந்தச் 'சும்மா' என்பதன் பொருளை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

நாம் வாழும் இந்த அனந்தபுரத்தையே நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், இரண்டாந் திருவாய்மொழியில் பாடியிருக்கிறார். இறைவன் பெயரைச் சொன்ன அளவில் இடர்கள் கெடும் என்பதுதான் அதன் தொடக்கம். இன்றே புறப்படுங்கள் என்று நம்மை அழைக்கவும் செய்கிறார். வகுப்பில் இப்பகுதி நடந்தபோது நான் தலைகுனிந்து இருந்தேன். இடர் கெடவில்லையே! ஆசிரியர் நடத்தியது முத்தியைப் பற்றி. நான் நினைத்தது மருத்துவரின் சீட்டைப் பற்றி.

எனக்கு வழி காட்டியவர் வேறொருவர், சேரநாட்டவரான குலசேகர ஆழ்வார். பெருமாள் திருமொழியில் உள்ள நூற்றைந்து பாடல்களில் ஒரு பதிகம் வித்துவக்கோட்டு இறைவனைப் பற்றியது. அவ்வூர் இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அப்பதிகத்தில் அவர் எடுக்கும் உவமைகளை நண்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மருத்துவன் அறுக்கிறான், சுடுகிறான்; நோயாளிக்கோ அவன்மேல் அன்பு குறையவில்லை. வானம் எவ்வளவு காலம் பொய்த்தாலும் பயிர் மேகத்தையே பார்த்து நிற்கிறது. நடுக்கடலில் கப்பலை விட்டுப் பறந்த பறவை, எத்திசையிலும் கரை காணாமல் அக்கப்பலின் பாய்மரத்துக்கே திரும்புகிறது. இவற்றுள் எதிலேனும் கேட்டது கிடைத்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? பயிருக்கு மழை பெய்தது என்று ஆழ்வார் பாடவில்லை. பார்த்து நிற்கிறது என்பதோடு விட்டுவிடுகிறார். மருத்துவன் உவமை எனக்கு இன்றும் முழுதும் உடன்பாடன்று. என் தந்தையார் விஷயத்தில் அறுத்ததும் சுட்டதும் எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. பறவை உவமையைத்தான் மறுக்க முடியவில்லை. நான்கு மாதம் பறந்து பார்த்தவன் நான்.

இது பாட்டில் மட்டும் உள்ள நம்பிக்கையா, வாழ்ந்து காட்டியவர் உண்டா என்று தேடினேன். தொலைவில் தேட வேண்டியிருக்கவில்லை. தஞ்சை நாட்டுப் போலகத்தில் 1890-இல் பிறந்த இராமய்யா என்னும் சிறுவன், ஏழாம் வயதில் தந்தையை இழந்தான். கைம்பெண்ணான தாய் யோகாம்பாள், உறவினர் ஆதரவை நாடி, 1899-இல் பிள்ளைகளுடன் இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கேயே அச்சிறுவன் மலையாளம் கற்றான், மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்தான், இசையும் பயின்றான். கோவில் பஜனைகளில் அவன் குரல் முன்னே நிற்கும். நீலகண்ட சிவனின் பாடல்கள் அவன் உள்ளத்தில் ஊறின. சிவனருள் தனக்கு என்று வருமோ என்று ஏங்கி முகாரி ராகத்தில் நீலகண்ட சிவன் செய்த பாடலை நம்மில் பலர் கேட்டிருப்பீர்கள். அருள் வந்துவிட்டது என்று மார்தட்டும் பாட்டன்று அது.

1910-இல் தாயும் மறைந்தார். இருபது வயது, நம்மில் பலருடைய வயதுதான். ஊரை விட்டு வெளியேறிய இராமய்யா, கோவில் கோவிலாகப் பாடித் திரிந்தார். நெற்றி நிறைந்த நீற்றைக் கண்டு மக்கள் அவரைப் 'பாபநாசம் சிவன்' என்று அழைக்கலாயினர். அவருடைய முதற் கீர்த்தனை திருவாரூர்த் தியாகேசர்மேல் பிறந்தது. குந்தலவராளி ராகம், பத்மநாபனைப் பற்றிச் சுவாதித் திருநாள் செய்த புகழ்பெற்ற கீர்த்தனை ஒன்றும் அதே ராகந்தான். இந்த ஊரில் வளர்ந்த செவிக்கு அது தானே வந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அது போகட்டும். அப்பாட்டில் அவர் வேண்டியது என்ன? வீடில்லை, வேலையில்லை, தாயில்லை. இவற்றுள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. உன்னைத் துதிக்க அருள் செய் என்கிறார், அவ்வளவே. கேட்கும் ஆற்றலையே கேட்பது! இங்கேதான் அன்னையார் சொன்ன 'சும்மா' எனக்கு ஒருவாறு பிடிபட்டது.

பிற்காலத்தில் அவர் மயிலாப்பூரில் மார்கழி பஜனை நடத்தினார். 1936-இல் வெளிவந்த படத்தில் குசேலராகவே நடித்தார் (ஒப்பனைச் செலவு மிச்சமாகியிருக்கும் என்பான் என் அறை நண்பன்). சங்கீத கலாநிதிப் பட்டம் 1971-இல் வந்தது, 1973-இல் மறைந்தார். பட்டத்தைக் காட்டி, 'நம்பினார், பலன் பெற்றார்' என்று கதை முடிப்போர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தாய் இறந்து அறுபது ஆண்டுக்குப் பின் வந்த பட்டம் எந்த வேண்டுதலுக்கு விடை?

அதே அறை நண்பன் பகுத்தறிவுக் கொள்கையன். இக்கட்டுரையைப் படித்துவிட்டு, "யோகாம்பாளின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது உறவினரா, இறைவனா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்கு அத்துயரில் விடுதிக் கட்டணம் கட்டியது அவனும் மற்ற நண்பர்களுந்தான். அவர்களில் பாதிப்பேர் கோவிலுக்கே போகாதவர்கள். வழிபாடு சோற்றுக்கு ஈடாகாது. ஆயினும் சோறு கிடைத்த பின்னும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. அந்த நேரத்தில் பேச எனக்கு ஒருவர் வேண்டியிருந்தார். நண்பனை எழுப்பினால் திட்டுவான்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அன்னையார் வழக்கம்போல் விளக்கின்முன் இருந்தார். நான் பக்கத்தில் போய் அமர்ந்தேன். சிறிது நேரம் கழித்து, "அப்பா இருந்தால் திரியைச் சற்றுத் தூண்டச் சொல்வார்" என்றார். தூண்டிவிட்டேன்.